அவரவர் தட்டு

சர்க்கரை வந்தவருக்கு மாத்திரைக்கு முன்னால் யோசனை வந்துவிடும். எங்கள் வேங்கிக்காலில் அது இன்னும் கொஞ்சம் சீக்கிரமே வரும். திருவண்ணாமலை மாவட்டக் கலெக்டர் ஆபீஸ் இங்கே இருப்பதால் ஓய்வு பெற்ற ஊழியர்கள் நிறைய. காலையில் ஏரிப் பக்கம் நடக்கிறவர்களில் சர்க்கரை இல்லாதவரைத்தான் தேட வேண்டும். ஒருவர், வெந்தயத்தை ராத்திரியே ஊறப் போட்டுடுங்க என்பார். அடுத்தவர் ஆவாரம்பூவைச் சொல்வார். மூன்றாமவர், பாகற்காய்ச் சாறு குடித்த முகம் இன்னும் மாறாமலே வந்து அதையே சிபாரிசு செய்வார். ‘சோத்தையே விட்டுடுங்க சார், களிக்கு மாறிடுங்க. நம்ம தாத்தா காலத்துல யாருக்கு சுகர் இருந்துச்சு?’ என்று முடித்துவைக்க எந்தக் கூட்டத்திலும் ஒருவர் உண்டு.

எல்லோரும் நல்ல மனதோடு சொல்கிறவர்கள்தான். அவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் இருக்கும். ஆனால், ‘நீங்க இப்போ என்ன சாப்பிடறீங்க, எவ்வளவு சாப்பிடறீங்க?’ என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் கொடுக்கிற எந்தப் பட்டியலும் ஊருக்குப் பொதுவான பட்டியல். நோயோ தனியாள் நோய். அவரவர் தட்டில் இன்று என்ன இருக்கிறதோ அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி. பல வருடங்களாகச் சர்க்கரையோடு குடித்தனம் நடத்துகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எனக்கு இது தெரியவந்தபோது நான் வருவாய்த் துறையில் வேலையில் இருந்தேன். வெறும் வயிற்றில் 126ஓ அதற்கு மேலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5ஓ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய் என்பது கணக்கு. 100 முதல் 125 வரையும், 5.7 முதல் 6.4 வரையும் எல்லைக்கோடு. நான் கோட்டைத் தாண்டியிருந்தேன். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், ‘அரிசியைக் குறைச்சுக்குங்க’ என்றார். எதிலிருந்து எவ்வளவு குறைப்பது? நான் சாப்பிடுகிற சோற்றின் அளவு எனக்கே தெரியாது. வீட்டில் சொல்லி, வழக்கம்போல எனக்குப் போடுகிற சோற்றைப் போடும் முன் எடை பார்க்கச் சொன்னேன். குழம்புக்கு ஒரு சுற்று, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று. மூன்றும் சேர்ந்து கிட்டத்தட்ட அரை கிலோ வந்தது.

இது பெருந்தீனிக்காரன் சாப்பாடு இல்லை. எங்கள் பக்கத்து நடுத்தர வீடுகளில் ஆம்பிளைக்குப் போடுகிற மதியச் சோறு இவ்வளவுதான். வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து 28 கிராம் அளவுக்கு இருக்கும். அரை கிலோவுக்கு 140 கிராம். அத்தனையும் வயிற்றுக்குள் போய் குளுக்கோஸாகத்தான் ரத்தத்தில் இறங்கும். இருபத்தொரு நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் வருடக்கணக்கில் கவனித்து, 2020இல் வெளியான ப்யூர் ஆய்வு ஒன்று உண்டு. நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு, 150 கிராமுக்குள் சாப்பிடுகிறவர்களைவிடச் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல் என்றும், அந்த வித்தியாசம் தெற்காசியாவில்தான் மிக அதிகம் என்றும் அது சொன்னது. அவர்கள் ஒரு நாளுக்குச் சொன்ன அளவை நான் ஒரு வேளையில் முடித்துக்கொண்டிருந்தேன்.

ஆரணியும் களம்பூரும் பக்கத்தில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அரிசியைக் குறை சொன்னால் கோபம் வரும். எனக்கும் வரும். பொன்னி அரிசிச் சோற்றின் வாசனை தெரிந்து வளர்ந்தவன் நான். அரிசி ஒரு பாவமும் செய்யவில்லை. தவிடு முழுக்கப் போகும்படி வெள்ளை வெளேரென்று தீட்டியதும், தட்டில் மற்ற எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுவில் அதை மலையாகக் குவித்ததும் நாம். என் சிறுவயதில் அமாவாசைக்கும் பண்டிகைக்கும் அரிசிச் சோறு, மற்ற நாளில் கேவுரு (கேழ்வரகு), கம்பு, சாமை என்று இருந்த வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். பிறகு எல்லோர் வீட்டிலும் மூன்று வேளையும் அரிசி வந்தது. 2011இலிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. பசி போனது பெரிய விஷயம், அதைக் கிண்டல் செய்கிறவர்கள் பசி பார்க்காதவர்கள். ஆனால் பசி போனபின்னும் பசிக்காலத்து அளவிலேயே தட்டு நிறைந்துகொண்டிருக்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடி, எல்லைக்கோட்டில் நிற்கிறவர்கள் 13.6 கோடி. இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

களிக்கு வருகிறேன். கேவுரு நல்ல தானியம். அரிசியில் பேருக்கு இருக்கிற சுண்ணாம்புச்சத்து அதில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, நார்ச்சத்தும் கூடுதல். வயதானவர்கள், குறிப்பாகப் பெண்கள், கேவுருவை விடக்கூடாது என்பேன். ஆனால் அதில் மாவுச்சத்து அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. கைக்கு அடங்காத ஒரு களி உருண்டைக்கு நூறு கிராம் மாவு போகும், அதில் எழுபது கிராமுக்குப் பக்கத்தில் மாவுச்சத்து. நைசாக அரைத்த மாவு, அதுவும் கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் வேகமாக ரத்தத்தில் ஏறும். ‘கேவுருதானே’ என்று இரண்டு உருண்டையை மொச்சைக் கருவாட்டுக் குழம்பில் அமுக்கித் தின்ற நாளில் என் மீட்டர் 200ஐத் தாண்டியது. குழம்பின் மேல் பழி போட முடியாது.

தாத்தா காலத்தில் யாருக்குச் சுகர் இருந்தது என்று கேட்பவருக்கும் பதில் இங்கேதான். தாத்தா மூன்று உருண்டை தின்றார், உண்மை. தின்றுவிட்டுக் கவலை இறைத்தார், ஏர் ஓட்டினார், மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கினார். அவர் தின்றதை மட்டும் நாம் எடுத்துக்கொண்டு, செய்ததை விட்டுவிட்டோம். அவர்களில் பலரும் அறுபதைப் பார்க்கவில்லை என்பதையும், பார்த்தவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்தவர் யாருமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக்கு இந்த நோய் புதிதே அல்ல. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது 1948இல்.

சாமையும் அப்படியே. எங்கள் மாவட்டத்து ஜவ்வாது மலையில் விளைகிற சாமை அருமையான பண்டம், நானும் வாங்குகிறேன். ஆனால் மிக்ஸர், பிஸ்கட், லட்டு என்று மாறிப் பாக்கெட்டில் வந்து, மேலே ‘சிறுதானியம்’ என்று அச்சடித்திருந்தால் அது மருந்தாகிவிடாது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி இவற்றின் கதை இதைவிட மோசம். இவற்றில் பெரும்பங்கு அதே சர்க்கரைதான், வந்த வழி மட்டும் வேறு. ‘கருப்பட்டி காபிதான் சார், பயப்படாம குடிங்க’ என்று நீட்டுகிறவரிடம் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்ல நான் பழகிக்கொண்டேன்.

ஆபீஸ் டீயையும் ஒரு வார்த்தை. வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும், யார் வந்தாலும் டீ. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ ஒன்றுக்குப் பத்து கிராம். நாளுக்கு நான்கு டீ என்றால் நாற்பது. சேர்க்கப்படும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது நோயில்லாதவர்களுக்கு. சோற்றில் கை வைக்கும் முன்னால் நான் கை வைத்தது இதில்தான். கொஞ்ச நாளில் நாக்கு பழகிவிட்டது. இப்போது யாராவது சர்க்கரை போட்ட டீ கொடுத்தால் பாயசம் போல இருக்கிறது.

என் தட்டு இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். காப்பியடிக்கச் சொல்லவில்லை. சோறு ஒரு கப், 150 கிராம் இருக்கும், மதியம் மட்டும். அதைத் தட்டில் போடும் முன்பே கீரையோ காயோ இரண்டு கரண்டி தாராளமாக உள்ளே போய்விட வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாளுக்குக் கீரையும் காயும் சேர்ந்து 400 கிராம் என்று சொல்லியிருக்கிறார்கள். நம் வீடுகளில் தட்டின் ஓரத்தில் ஊறுகாய் அளவுக்கு வைக்கிற பொரியலை வைத்துக்கொண்டு அந்த நானூறை எட்ட ஒரு வாரம் ஆகும். முதலில் காய், அதோடு பருப்போ பயறோ முட்டையோ, கடைசியில் சோறு என்று வரிசை மாற்றினாலே சாப்பிட்டபின் ஏறுகிற சர்க்கரை குறையும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே சமையல்தான், அதே அடுப்புதான். கை போகிற வரிசை மட்டும் வேறு.

குழம்பில் காராமணி, மொச்சை, கொள்ளு ஏதாவது ஒன்று இருக்கும். சாத்தனூர் அணை மீன் கிடைத்தால் அன்றைக்குப் பண்டிகை. வறுக்காமல் குழம்பாக. காலையில் இட்லி என்றால் இரண்டு, கூடவே ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு முட்டை. மாலைக்கு அவித்த மல்லாட்டை ஒரு கைப்பிடி. நம் ஊர்ப் பண்டம், விலை குறைவு, முப்பது கிராம் பருப்பில் ஏழு கிராம் புரதம். பாதாமைத் தேடி அலைகிற சர்க்கரைக்காரர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். மல்லாட்டைச் செடியை மிதித்துக்கொண்டு போய் பாதாம் வாங்குகிறோம். இரவுக்குக் கேவுரு அடை, முருங்கைக்கீரை நிறையப் போட்டு, ஒன்று. ஏழரைக்குச் சாப்பிட்டுவிட்டுத் தெருவில் கால் மணி நேரம் நடை. சாப்பிட்டதும் நடந்தால் தசை தானாகவே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், அதற்கு இன்சுலினின் தயவுகூட அவ்வளவாக வேண்டாம். காலையில் ஏரிப் பக்கம் போகிற ஒரு மணி நேர நடையைவிட, சாப்பிட்டபின் மூன்று தடவை நடக்கிற கால் மணிக்குத்தான் நான் மரியாதை கொடுக்கிறேன். ஏரி நடையில் அரட்டை அதிகம்.

இது எனக்குப் பொருந்துகிறது என்று எப்படித் தெரியும்? மீட்டர் சொன்னது. வருவாய்த் துறையில் அடங்கல் எழுத வேண்டுமென்றால் வயலில் போய் நின்று, என்ன பயிர் என்று கண்ணால் பார்த்து எழுத வேண்டும். வீட்டில் உட்கார்ந்து போன வருடத்தைப் பார்த்து எழுதினால் அது பொய்க் கணக்கு. உடம்புக்கும் அப்படி ஒரு நோட்டு போட்டேன். என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, சாப்பிடும் முன் எவ்வளவு இருந்தது, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு. தினமும் குத்திக்கொள்ளத் தேவையில்லை, ஸ்ட்ரிப் விலை பென்ஷன்காரனுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு பலகாரத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் அன்றைக்கு மட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டர் சொன்னபடி பார்க்க வேண்டும், அது வேறு கணக்கு. சாப்பிட்டபின் 180க்குள் நின்றால் அந்தப் பலகாரம் அந்த அளவில் எனக்கு ஆகும். ரவை உப்புமா எனக்கு ஆகவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் என் பழைய சக ஊழியருக்கு உப்புமா ஒன்றும் செய்யவில்லை, ஆனால் பொங்கல் ஏற்றிவிடுகிறது. சீத்தாப்பழக் காலத்தில் அரைப் பழம்வரை எனக்கு மன்னிப்பு உண்டு. ராத்திரி தூக்கம் கெட்டால் எதுவும் தின்னாமலே காலையில் எண் கூடுகிறது. இதையெல்லாம் எந்தப் பட்டியலும் எனக்குச் சொல்லியிருக்காது.

என் மனைவிக்கும் சர்க்கரை உண்டு. ஒரு நாள் நான் சோற்றைக் கப்பில் அளந்துகொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: ‘ஏங்க, நீங்க அளந்து சாப்பிடறீங்க. நான் சட்டியில மிஞ்சறதைச் சாப்பிடறேன்.’

இந்த ஒரு வரியைப் பற்றி இன்னும் நிறைய எழுத வேண்டும். நம் வீடுகளில் ஆணுக்குச் சர்க்கரை வந்தால் வீடே அவனுக்குச் சமைக்கும். தனிக் குழம்பு, தனிப் பொரியல், நேரத்துக்கு மாத்திரை. பெண்ணுக்கு வந்தால்? பேரப்பிள்ளைகள் விட்ட தோசைத் துண்டு, மகன் வேண்டாமென்று ஒதுக்கிய சோறு, நாளைக்குக் கெட்டுவிடுமே என்ற குழம்பு எல்லாம் அவள் தட்டில்தான் வந்து சேரும். காய் முதலில் தீர்ந்திருக்கும், சோறு மட்டும் மிஞ்சியிருக்கும். எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் ஒழித்து, அவள் உட்காரும்போது மணி பத்து. அப்புறம் நடை எங்கே? படுக்கைதான். ‘அரிசியைக் குறைம்மா’ என்று அவளிடம் சொல்கிற டாக்டருக்கு இந்தப் பத்து மணித் தட்டு தெரியாது. பத்தியமாக இரு என்று மனைவிக்குப் புத்தி சொல்கிற ஆண்கள் முதலில் ராத்திரி சமையலறையில் என்ன மிஞ்சுகிறது என்று எட்டிப் பார்க்கட்டும்.

எங்கள் வீட்டில் இரண்டு மாற்றம் செய்தோம். உலையில் போடுகிற அரிசியையே ஆளுக்குத் தக்கபடி அளந்து போடுவது, மிச்சத்துக்கு வழியே இல்லை. இன்னொன்று, அவளும் என்னோடு ஏழரைக்கு உட்காருவது. முதலாவது சுலபம். இரண்டாவதற்கு மருமகள், பேரன்மார் உட்பட வீட்டில் எல்லோருடைய பழக்கமும் மாற வேண்டியிருந்தது. ‘பாட்டி முதல்ல சாப்பிடட்டும், தோசையை நானே ஊத்திக்கறேன்’ என்று பெரிய பேரன் சொல்ல ஆரம்பித்தபின்தான் அவளுடைய மூன்று மாதக் கணக்கு இறங்கியது. அதற்கு முன் டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்.

இந்த ஊருக்கென்றே உள்ள சங்கதி ஒன்று உண்டு, விரதமும் கிரிவலமும். பிரதோஷம், கிருத்திகை, சஷ்டி, பௌர்ணமி என்று மாதத்தில் பல நாள் வயிற்றைக் காயப்போடுகிறவர்கள் நாங்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்குவது அபூர்வம். ஆனால் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டை விட்டால் 70க்குக் கீழே போய்விடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். கிரிவலப் பாதையில் உட்கார்ந்துவிடுகிறவரைச் சாமி வந்துவிட்டது என்று கும்பிட்டு நிற்கிற ஊர் இது. விரதம் இருப்பதானால் முந்தின வாரமே டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கிரிவலம் 14 கிலோமீட்டர். முதியவர் கால் எட்டில் இருபதாயிரம் அடிக்கு மேல். வெறும் வயிற்றோடு ராத்திரி மாத்திரையும் போட்டுக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு, நடக்க நடக்கத் தசை குளுக்கோஸை இழுக்க, பாதி வழியில் சர்க்கரை இறங்கும். ஆகவே சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும், மடியில் சர்க்கரைப் பொட்டலம் இருக்க வேண்டும். படபடப்பு வந்தால் மூன்று ஸ்பூன் வாயில் போட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்து, சரியானபின் எழுந்திருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையே மருந்தாகிற நேரம் அது ஒன்றுதான்.

பெரிய ஆபத்து காலில். செருப்பில்லாமல் நடப்பது நம் பக்தி. ஆனால் பல வருடம் சர்க்கரை இருந்தவர்களுக்குப் பாதத்து நரம்பு மரத்துப்போயிருக்கும். கல் குத்துவது தெரியாது, சித்ரா பௌர்ணமிக்குப் பகலில் நடந்தால் தார் ரோடு சுடுவதும் தெரியாது. மறுநாள் கொப்புளம், ஒரு வாரத்தில் புண், அது ஆறாமல் விரலை எடுக்க வேண்டி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் ஒரு நைலான் இழை இருக்கும், பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்தது. கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் அங்கங்கே அதை வைத்து, தெரிகிறதா என்று கேட்பார். தெரியாவிட்டால் வெறுங்காலோடு கிரிவலம் வேண்டவே வேண்டாம். தெரிந்தாலும் கெட்டியான வெள்ளை சாக்ஸ் போட்டு நடங்கள், ரத்தம் கசிந்தால் வெள்ளையில் உடனே தெரியும். வீட்டுக்கு வந்ததும் பாதத்துக்கு அடியில் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எதற்கு இருக்கிறார்கள்?

‘உணவே மருந்து, மாத்திரையை நிறுத்திடுங்க’ என்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. இன்சுலின் கண்டுபிடிக்கும் முன்னால் உணவுதான் ஒரே வைத்தியமாக இருந்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் ஃபிரெடெரிக் ஆலன் என்ற டாக்டர், சர்க்கரை வந்த பிள்ளைகளை அரைப்பட்டினி போட்டு நாட்களை நீட்டித்தார். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்தவரின் மகள் எலிசபெத் ஹியூஸ் அப்படி இருந்து, பதினைந்து வயதாகப் போகும்போது எடை இருபது கிலோ. 1921இல் டொரண்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள், 1922 ஆகஸ்டில் அவளுக்கு அது கிடைத்தது. அவள் 1981 வரை வாழ்ந்தாள். பிள்ளைகளுக்கு வருகிற அந்த வகை வேறு, நம் வயதில் வருகிற வகை வேறு என்பது உண்மைதான். ஆனாலும் மருந்தில்லாமல் சாப்பாடு மட்டும் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்கு அந்தப் பிள்ளைகள் சாட்சி. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021இலிருந்து சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாசலில் வந்து கொடுத்ததை அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டு ஆவாரம்பூ தேடுகிறவர்களை என்ன சொல்ல?

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லைக்கோட்டில் நிற்கிறவர்களுக்குச் சாப்பாடும் நடையும் மாத்திரைக்குச் சமம். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் அப்படிப்பட்ட 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். எதுவும் செய்யாமல் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. உணவை மாற்றி நடந்தவர்களில் 39 சதவீதம், மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களில் 40 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் லாபம் ஒன்றுமில்லை. எல்லைக்கோட்டில் உள்ள மகனோ மருமகளோ வீட்டில் இருந்தால் இந்த எண்களை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் வயதில் நமக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

என் வயதுக்காரர்களுக்கு வேறொன்று சொல்ல வேண்டும். எண்ணை ரொம்பவும் துரத்த வேண்டாம். நாற்பது வயதுக்காரருக்கு எச்பிஏ1சி 7க்குள் வேண்டும் என்று அடம்பிடிக்கிற டாக்டரே, வேறு நோய்களும் சேர்ந்த எண்பது வயதுக்காரருக்கு 8 வரை விடுவார். அந்த வயதில் சர்க்கரை இறங்கிக் கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைவதுதான் பெரிய கேடு. பத்தியம் என்ற பேரில் கஞ்சித் தண்ணியாகக் குடித்துத் தசையெல்லாம் வற்றிப்போன கிழவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை அழகாக இருக்கும், நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கையூன்ற வேண்டும். சோற்றில் குறைத்ததைப் பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்கள் மட்டும் புரதத்தை டாக்டரைக் கேட்டுக் கூட்டட்டும்.

கடைசியாக, கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுகிற புண்ணியவான்களுக்கு ஒரு விண்ணப்பம். பௌர்ணமி ராத்திரியில் தொன்னை தொன்னையாக நீங்கள் தருகிற புளிசாதமும் பொங்கலும் கேசரியும் மணக்கின்றன, கை நீட்டாமல் போக முடியவில்லை. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எங்கள் தலைமுறைக்கு வாய் வராது, வாங்கினால் கீழே வைக்கவும் மனசு வராது. வரிசையில் நிற்கிறவர்களில் நரைத்த தலைகளை எண்ணிப் பாருங்கள், எத்தனை பேர் மடியில் மாத்திரை இருக்கும் என்று தெரியும். கார்த்திகைத் தீபத்துக்கு உணவுப் பாதுகாப்புத் துறையிடம் அனுமதி வாங்க விண்ணப்பம் எழுதும்போதே, அந்தப் பட்டியலில் ஒரு அண்டா கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு அண்டா நீர்மோரும் சேர்த்துவிடுங்கள். கேசரி அண்டாவுக்கு ஆகிற செலவைவிட அதற்கு அதிகம் ஆகாது. நாங்கள் உங்கள் பந்தலில் நின்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டே போவோம்.